டீச்சர் வீட்டுப் பிள்ளை

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரே பெரிய பொய்யையும் வாயால் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்கு நாங்கள் இருவரும் ஒரு கோடை முழுக்கத் தவித்தோம்.

அவள் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தலத்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே ஏழெட்டு நிமிஷத்தில் அவள் பள்ளிக்கூடம். நான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில், நிலக்கரி ஏற்றி வெளியே போகும் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அவள் படித்தது அம்மாவின் பள்ளிக்கூடத்தில் இல்லை. துறைமுகத்தையும் தாண்டி, வாஞ்சூரில் இருக்கும் புதுச்சேரி மாநில எல்லையையும் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் நாகூர்ப் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில்.

அது முழுக்க முழுக்க என் முடிவு. வேலைக்குப் போகிற வழிதானே என்று காரணம் சொன்னேன். உண்மையில் என் வழி துறைமுகத்தோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் அதற்கும் அப்பால் பத்து நிமிஷம். அசல் காரணம் வேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை இடத்தில் எல்லோரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. நெல் விதைக்கிற வீட்டில் பிறந்து, ஊர் அரசுப் பள்ளியில் படித்து, அந்தப் படிப்பை வைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அப்படி இருந்தும் மகள் விஷயம் என்று வந்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது.

மனைவி முதலில் முறைத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவளுக்குள்ளும் கொஞ்சம் பயம் இருந்தது என்று பின்னால் ஒப்புக்கொண்டாள். தினம் காலையில் மகளைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அரசலாற்றுப் பாலம், நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று போவேன். லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சேருவதற்குள் வெள்ளைச் சாக்ஸில் கரித்தூள் படிந்திருக்கும். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் அவளை வீட்டில் கொண்டுவந்து விடும். இப்படியே இரண்டாம் வகுப்பு வரை ஓடிவிட்டது.

இதில் எங்களுக்கு இருந்த ஒரே சங்கடம் மழைக்காலம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் விடிந்ததும் டிவியைப் போட்டுவிட்டு உட்காருவோம். கீழே ஓடும் எழுத்தில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை என்று வரிசையாகப் பள்ளி விடுமுறை வரும். எங்களைச் சுற்றியிருக்கிற ஊருக்கெல்லாம் விடுமுறை. நடுவில் நாங்கள் மட்டும் புதுச்சேரி அரசாங்கத்தின் கீழ் இருப்பதால், எங்கள் கலெக்டர் எப்போது மனசு வைப்பார் என்று காத்துக்கிடப்போம். அதே மேகம், அதே மழை, ஆனால் உத்தரவு வேறு.

நாகை கலெக்டர் விடுமுறை விட்டு எங்கள் கலெக்டர் விடாத நாட்களில் மகளுக்குப் பள்ளி இல்லை, அவள் அம்மாவுக்கு உண்டு. எனக்கும் டியூட்டி. பிள்ளையை யாரிடம் விடுவது? மனைவி குடைக்குள் இழுத்துக்கொண்டு தன் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப்போய்விடுவாள். மகள் மஞ்சள் கவுனோடு இரண்டாம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். காலையில் கொடுக்கும் பாலைக் குடிப்பாள், எல்லோருடனும் சேர்ந்து மதியம் சாப்பிடுவாள். சாயங்காலம் வந்து, "அங்க மிஸ்ஸெல்லாம் தமிழ்லயே திட்டுறாங்கப்பா" என்று ஆச்சரியமாகச் சொல்வாள். ஒருநாள், "நாளைக்கும் மழ பெய்யுமாப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மழைக்காலம் முடிந்து வந்த கோடையில்தான் விவகாரம் ஆரம்பித்தது. மனைவியின் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த முறை ஒன்றாம் வகுப்பில் ஆள் சேராவிட்டால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. இணைப்பு என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டைத் தாண்டி ஐந்து வயசுப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? இருக்கிற பிள்ளைகளும் சிதறிப்போவார்கள். பூட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

அதனால் விடுமுறையில் ஆசிரியைகள் வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போனார்கள். கையில் நோட்டீஸ். பால், சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் அதில் இருந்தது. ஆங்கில வழி உண்டு, இப்போது மத்தியப் பாடத்திட்டம் என்பதும் பெரிய எழுத்தில் இருந்தது. எல்லா வீட்டிலும் மரியாதையாக ஜூஸ் கொடுத்து, "பாக்குறோம் டீச்சர்" என்று அனுப்பிவைத்தார்கள். பார்க்கிறோம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம் என மனைவி காலை நீவிக்கொண்டே சொல்வாள்.

இப்படிப் போகும்போது அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் நின்றிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாளின் கணவர் துபாயில் இருக்கிறார். மகனுக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்கிற வயசு. அந்த அம்மாள் சொன்னால் அந்தத் தெருவில் நாலு வீடு கேட்கும். வீட்டுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடத்து மதில். நோட்டீஸை நிதானமாகப் படித்துவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"எல்லாம் சரி டீச்சர். ஒங்க புள்ள எங்க படிக்கிது?"

கூட வந்த தலைமையாசிரியை சட்டென்று வாசலில் இருந்த செடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். மனைவி வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளே தொடர்ந்திருக்கிறார்.

"இங்கதானே? மழக்காலத்துல மாடியிலேர்ந்து பாத்தேனே. மஞ்ச கவுன் போட்டுக்கிட்டு வராண்டாவுல நின்னுச்சு."

மனைவி தலையை ஆட்டினாள்.

ஒரு வாரத்துக்குள் அந்த அம்மாள் மகனைச் சேர்த்தார். அவர் தங்கை பிள்ளைகள் வந்தார்கள், எதிர்வீட்டுப் பிள்ளை வந்தது, இன்னும் இரண்டு வீடு வந்தது. டீச்சரே தன் பிள்ளையை அங்கேதான் போட்டிருக்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். மனைவி மட்டும் வீட்டில் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்து முகத்தில் கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தலையத்தானே ஆட்டுன? வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலையே."

"பள்ளிக்கூடம் தொறந்தோன்ன அவங்க வந்து நம்ம புள்ளயத் தேடுவாங்க. நான் என்னாங்க சொல்றது?"

"லீவு போட்டுருக்குன்னு சொல்லு."

"வருஷம் முழுக்கவா?"

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கேட்டாள். மூன்றாம் வகுப்புக்கு இங்கேயே கொண்டுவந்து சேர்த்துவிடலாமா என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஒன் வேலைக்கு எம் புள்ளயப் பலி குடுக்கச் சொல்றியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அப்ப நான் தெனமும் ஊரான் வூட்டுப் புள்ளைங்களப் பலி குடுத்துக்கிட்டா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போய்ச் சும்மா நின்றேன். மூன்று நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. லாரி எடையைக் குறிக்கும்போதும் அவள் கேட்டது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவமானமாக இருந்தது. மனைவி வாங்குகிற சம்பளம் இனித்தது, அவள் நடத்துகிற வகுப்பு மட்டும் என் மகளுக்கு ஆகாது என்று நினைத்திருக்கிறேன். இதை நான் இப்படி நேராக எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

எந்தப் பள்ளி வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை யாரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசதி உள்ளவன் போனால் அவனைப் பார்த்து அடுத்தவன் போகிறான். கடைசியில் போக முடியாதவன் பிள்ளை மட்டும் அரசுப் பள்ளியில் நிற்கிறது. அதைக் காட்டி, பார்த்தாயா, அங்கே யார் படிக்கிறார்கள் என்று கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். முதலில் கிளம்பிப் போனவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் நாள் சாயங்காலம் மகள் அடுப்பங்கரை மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஆங்கிலக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி புளியைக் கரைத்துக்கொண்டே தவறைத் திருத்தினாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் புரியவில்லை என்றதும் ஈரக்கையாலேயே நடித்துக் காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது இரண்டு வருஷமாகத் தினமும் நடப்பதுதான், நான் கவனித்ததில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததும், வாய்ப்பாடு ஏற்றியதும், கணக்கு வராமல் அழுதபோது புளியங்கொட்டையை வைத்துப் புரியவைத்ததும் இதே ஆள்தான். பதினைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி நான் பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். பாடம் நடத்தியது அரசுப் பள்ளி ஆசிரியை.

அந்த நாகூர்ப் பள்ளியின்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. நல்ல பள்ளிக்கூடம், நல்ல மனிதர்கள். எனக்குத்தான் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே, "சரி, டி.சி. வாங்கிடலாம்" என்றேன். மனைவி திரும்பிப் பார்க்காமல் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். கரைத்து முடித்த புளிதான் அது.

விஷயம் தெரிந்ததும் ஊரிலிருந்து அண்ணன் போன் போட்டார். "சம்பாதிக்கிறவன் செய்யிற வேலையாடா இது? நாலு பேரு என்னா நெனப்பான்?" என்றார். நான் அவரோடு தைரியமாகப் பேசிவிட்டு, போனை வைத்த பிறகு பயந்தேன். பிள்ளை பெரியவளாகி, ஏம்ப்பா என்னை மாற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? இங்கிலீஷ் போய்விட்டால்? பழைய சிநேகிதிகளுக்காக ஏங்கிப்போனால்? அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு டி.சி. லேசில் கிடைக்கவில்லை. எங்களுக்கு நாகூர் பக்கத்து ஊர். கறி மீன் வாங்கப் போவோம், தர்கா கந்தூரிக்குப் போவோம். காகிதத்துக்கு அது வேறு மாநிலம். டி.சி.யில் அங்கே இருக்கும் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்றார்கள். அதிகாரி ஒருநாள் மீட்டிங், மறுநாள் கேம்ப். அதற்குள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. காகிதம் பின்னால் வரட்டும், பிள்ளையை உட்கார வையுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். மனைவி கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு பொய், இதிலும் அரைகுறை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள்.

முதல் நாள் புதுப் பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் வைத்துப் பூக்கொடுத்து வரவேற்றிருக்கிறார்கள். அந்த அம்மாள் மகனை விட்டுவிட்டு வராண்டாவில் நின்று ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தாராம். மனைவி சத்துணவு அறைக்குள் புகுந்து அரிசிச் சாக்கை எண்ணுவது போல நின்றிருக்கிறாள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அந்த அம்மாள் எதுவும் கேட்காமல் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் வீட்டில் அழுதாள்.

நான்காம் நாள் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு நாகப்பட்டினம் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் கையெழுத்து விழுந்தது. அதே வேகத்தில் வந்து தலைமையாசிரியையின் மேஜையில் காகிதத்தை வைத்தேன். மறுநாள் காலையில் மகள் நீலச் சீருடையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அன்று நான் ஒரே லாரியை இரண்டு தடவை எடை போட்டேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எப்புடி இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டேன். "அம்மாவ மிஸ்ஸுன்னு கூப்புட்டேன், அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாளைக்கு எனக்குச் சீக்கிரம் போவணும், நாந்தான் பெல் அடிக்கணும்" என்றாள். அவ்வளவுதான். நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதில் ஒன்றைப் பற்றியும் அவளிடம் பேச்சே இல்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மாசக் கடைசியில் பிள்ளைகள் எண்ணிக்கை மேலிடத்துக்குப் போயிற்று. இந்த வருஷம் இணைப்பு இல்லை என்று தலைமையாசிரியைக்குத் தகவல் வந்தது. பள்ளிக்கூடமே கேசரி சாப்பிட்டது. எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. விஷயம் இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மனைவிக்கு முடியவில்லை.

"அவங்ககிட்ட சொல்லிடணுங்க. நான் தலையாட்டுன அன்னிக்கு நம்ம புள்ள அங்க இல்லைல்ல?"

"இப்பதான் இருக்குல்ல. தூங்குற நாய ஏன் எழுப்புற?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

அந்த அம்மாள் உட்கார வைத்து டீயும், அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் கொடுத்தார். வாடாவைக் கையில் வைத்துக்கொண்டே மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். நாகூர்ப் பள்ளி, மழை விடுமுறை, தலையாட்டியது, டி.சி. ஒன்றையும் விடவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் எழுந்து போய் இன்னொரு வாடாவைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார்.

"டீச்சர், நான் தெனம் மாடியில துணி காயப் போடுறவ. ஒங்க புள்ள மழ நாள்ல மட்டுந்தான் கண்ணுல படும். வெயில் நாள்ல காணோம்னா அது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? சார் பைக்குல கூட்டிட்டுப் போறதையும் பாத்துருக்கேன்."

மனைவி கையிலிருந்த வாடாவைத் தட்டில் வைத்தாள். நான்தான் கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏங்க கேட்டீங்க?"

"எனக்கும் பயந்தான் சார். புள்ளையோட வாப்பா துபாய்லேர்ந்து போன்ல ஒரே சத்தம், கவர்மெண்டுலயா போடுறன்னு. டீச்சர் புள்ளயும் அங்க இருந்துச்சுன்னா அந்தப் பள்ளிக்கூடத்தக் கெட்டுப்போவ வுட மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் கேட்டேன். டீச்சர் தலைய ஆட்டுனாங்க. சரி, கொண்டாந்து சேத்துருவாங்கன்னு நானும் சேத்தேன்."

"சேக்காம இருந்திருந்தா?"

"ஒரு வாரம் பாக்கலாம்னு இருந்தேன். பொறவு எம் மவன நாகூர்ல கொண்டு போட்டுருப்பேன். நாலு வூடும் எம்பின்னாலயே வந்துருக்கும்."

ஐந்தாம் நாள் சேர்த்திருக்கிறோம். நாகப்பட்டினத்து அதிகாரி இன்னும் இரண்டு தடவை கேம்ப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே, அப்படி ஆகவில்லையே என்று அப்பாடா என்றிருந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்தேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தார்.

திரும்பி நடந்து வரும்போது, அடுத்த கோடையில் நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது நானும் கூட வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க எதுக்கு வெயில்ல?"

"ஒங்க புள்ள எங்க படிக்கிதுன்னு யாராச்சும் கேப்பாங்கல்ல. நான் பதில் சொல்லணும்."